கிராமபோன் மெயின்ஸ்பிரிங் செட்: இரும்பு நல்லது, முனைதான் மோசம்

இந்தியாவில் செய்து இணையத்தில் விற்கிற 25 மி.மீ. கிராமபோன் ஸ்பிரிங் செட் இப்போது இலங்கை மலையகத்துக்கும் தபாலில் வந்து சேர்கிறது. சாவி கொடுத்தால் முறுக்கேறிப் பெட்டியை ஓட்டுகிற மெயின்ஸ்பிரிங் ஒன்று, கம்பி வளையத்தால் இறுக்கிக் கட்டியபடி; மூன்று குண்டுகள் சுழன்று வேகத்தைச் சீராக வைக்கிற கவர்னருக்கு மெல்லிய தகட்டு ஸ்பிரிங் மூன்று, வேகத் தடைக்கு ஒரு தோல் துண்டு, சின்ன டப்பியில் கறுப்புக் கிறீஸ். இவ்வளவும் ஒரே பையில். இங்கிலாந்திலிருந்து மெயின்ஸ்பிரிங் ஒன்றை மட்டும் வரவழைத்தால் ஆகிற செலவில் ஏறக்குறைய பாதிதான் விலை. நுவரெலியாவில் ஒரு எச்.எம்.வி. 102 பெட்டியிலும், கண்டியில் அதே அகல ஸ்பிரிங் பிடிக்கிற வேறொரு போர்ட்டபிள் பெட்டியிலும் போட்டுப் பார்த்தாயிற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மெயின்ஸ்பிரிங்கை வாங்கலாம், ஆனால் வந்தது வந்தபடி மாட்டக்கூடாது. கவர்னர் ஸ்பிரிங்கை அளக்காமல் தொடவேண்டாம். அந்தக் கிறீஸை மலைக்குளிரில் பாவிக்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் பெட்டியில் ஸ்பிரிங் உண்மையிலேயே உடைந்திருக்கிறதா? மலையகத்தில் “ஸ்பிரிங் போய்விட்டது” என்று கொண்டுவருகிற பெட்டிகளில் பலவற்றில் ஸ்பிரிங் முழுசாகத்தான் இருக்கிறது, கிறீஸ்தான் செத்துப்போயிருக்கிறது. வித்தியாசம் கையிலேயே தெரியும். ஸ்பிரிங் உடைந்தால் கைபிடி பாரமே இல்லாமல் சும்மா சுற்றும், அல்லது நாலைந்து சுற்றுப் பிடித்துவிட்டு வழுக்கும். கிறீஸ் இறுகியிருந்தால் கைபிடி கனக்கும். சுழல்தட்டு நன்றாகப் புறப்பட்டு, பாட்டின் நடுவில் சோர்ந்து, திடீரென்று பெட்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தத்தோடு மறுபடி வேகம் எடுக்கும். அந்த ‘டொக்’ வேறொன்றுமில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற சுருள்கள் பிய்த்துக்கொண்டு விலகுகிற சத்தம் அது. தோட்டத்துப் பங்களாக்களிலும் கிளாக்கர் வீடுகளிலும் இருந்து வருகிற பெட்டிகளில் இன்னொரு கேடும் உண்டு. எப்போதோ யாரோ நல்லெண்ணத்தோடு, தேயிலை பாக்டரியில் ரோலருக்குப் போடுகிற தடித்த கிறீஸை ஸ்பிரிங் சுருண்டிருக்கிற டப்பா நிறைய அடைத்திருப்பார்கள். அது காலம் போகப் போகத் தார்போல ஆகிவிடும். இப்படிப்பட்ட பெட்டிக்கு வேண்டியது மண்ணெண்ணெயும் ஒரு பழைய சாரத்துணியும். புதிய ஸ்பிரிங் அல்ல.

உடைந்ததுதான் என்று உறுதியானால், “102-க்கு ஒரு ஸ்பிரிங்” என்று எழுதி அனுப்பாதீர்கள். எச்.எம்.வி. 102 போர்ட்டபிள் 1931-ல் வந்து நீண்டகாலம் விற்பனையில் இருந்தது. அந்தக் காலத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மோட்டர்கள் அதில் ஏறியிருக்கின்றன. 1925-ல் வந்த 101-க்கும் அதே கதைதான். சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ், பைலார்ட் மோட்டர்கள் வேறு பல பெயர்ப் பெட்டிகளில் ஒளிந்திருக்கும். ஆகவே பழைய ஸ்பிரிங்கையே அளக்கவேண்டும்: அகலத்துக்கு வேர்னியர், தடிப்புக்கு மைக்ரோமீட்டர். தடிப்பில் கண்மதிப்பு வேலைக்காகாது. ஸ்பிரிங்கின் முறுக்கு வலு தடிப்பின் மும்மடிப்படி ஏறுகிறது. 0.7 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 0.65 போட்டால் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 0.6 இருக்கவேண்டிய இடத்தில் 0.7 போட்டால் வலு ஏறக்குறைய 60 வீதம் கூடி, பல்சக்கரத்தையும், முறுக்கு பின்னோக்கி அவிழாமல் பிடிக்கிற ராச்செட்டையும் தின்னும்.

நீளத்தில் எல்லோரும் தவறுகிறார்கள். நீளம் கூடினால் நேரம் கூடும் என்று நினைத்து 4 மீட்டர் கேட்டு வாங்குகிறார்கள். டப்பாவுக்குள், ஸ்பிரிங்கின் உள்முனை மாட்டுகிற நடு அச்சு போக மிஞ்சுகிற இடத்தில் பாதியை ஸ்பிரிங் நிரப்பும்போதுதான் அதிகச் சுற்றுக் கிடைக்கும். கணக்கு எளிது. டப்பாவின் உள்விட்டம் 80 மி.மீ., அச்சு 22 மி.மீ. என்று வையுங்கள். 80-ஐயும் 22-ஐயும் தனித்தனியே வர்க்கித்துக் கழித்தால் 5916, அதை 0.785-ஆல் பெருக்கினால் சுமார் 4645 சதுர மி.மீ.; அதில் பாதியை 0.7 தடிப்பால் வகுத்தால் 3.3 மீட்டர். இந்த நீளத்தில் டப்பா ஏறக்குறைய 11 சுற்றுத் தரும். அதே டப்பாவில் 4 மீட்டரைத் திணித்தால் 10.6 சுற்றுத்தான் வரும். காசு கூட, ஓட்டம் குறைவு.

பழையதைக் கழற்றுவது இந்த வேலையில் ஆபத்தான கட்டம். சுழல்தட்டைக் கழற்றி, பிரேக்கை விட்டு, மோட்டர் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நின்றுவிட்டது என்பதால் வலு முழுதும் இறங்கிவிட்டதாக எண்ணக்கூடாது. கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ராச்செட்டை விலக்கி, மிச்ச முறுக்கையும் கைக்குள்ளேயே இறக்கவேண்டும். அதன் பிறகும், மூடியைத் திறந்த டப்பாவுக்குள் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உருக்கு வெளியே பாயத் துடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கும். தடித்த தோல் கையுறை, கண்ணாடி, ஒரு கோணிச் சாக்கு, இந்த மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். டப்பாவைச் சாக்குக்குள் வைத்து, நடுச் சுருளைக் குறட்டால் பிடித்து மேலே தூக்கி, ஒவ்வொரு சுருளாக விடவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் முழுதும் ஒரே நேரத்தில் பாயும். ஓரம் கத்திபோல வெட்டும்.

வெளியே வந்த பழைய ஸ்பிரிங்கை வீசவும் வேண்டாம். வெளிமுனையில் துளை கிழிந்து உடைந்திருந்தால் பத்து சென்ரிமீட்டரை வெட்டிவிட்டுப் புதுத் துளை போட்டால் பழையபடி ஓடும், வித்தியாசமே தெரியாது. நடுவில் உடைந்தது மட்டும் வீண். அதை ரிவெட் அடித்து இணைத்தால் ஒட்டிய இடத்தில் சுருளோடு சுருள் இடிக்கும், சீக்கிரமே மறுபடியும் உடையும்.

இனி, செட்டில் வந்த ஸ்பிரிங். தகட்டில் அச்சிட்ட அளவு 25 × 0.7. முனை, நடு, முனை என மூன்று இடத்தில் அளந்தால் 0.69, 0.70, 0.69. இந்த விலைக்கு இது நல்ல உருட்டு வேலை. கட்டை அவிழ்த்துத் தரையில் விட்டால் டப்பாவைவிடப் பல மடங்கு அகலத்துக்கு விரிந்து படுக்கிறது. உருக்கில் உயிர் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். களைத்துப்போன பழைய ஸ்பிரிங் விரியாமல் சின்னச் சுருளாகவே கிடக்கும். அவிழ்க்கும் முறையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் பையில் ஒரு எச்சரிக்கைத் துண்டுகூட இல்லை. கட்டுக்கம்பியை வெட்டுமுன், அதைவிடச் சற்றுப் பெரிய வளையமாகத் தடித்த கயிற்றை ஸ்பிரிங்கைச் சுற்றிக் கட்டிவிட்டு, சாக்குக்குள் வைத்து வெட்டுங்கள். ஸ்பிரிங் கயிறு வரைக்கும் விரிந்து நிற்கும். பிறகு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தலாம். வெறும் கையில் பிடித்துக்கொண்டு கம்பியை வெட்டுவது விரலைப் பணயம் வைப்பது.

குறை ஓரத்திலிருந்து தொடங்குகிறது. பெரிய தகட்டிலிருந்து நாடாவாகக் கீறி எடுத்திருக்கிறார்கள். கீறிய பிசிறை ஒரு பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சுத் துண்டை ஓரத்தோடு இழுத்துப் பாருங்கள். பிசிறு உள்ள இடமெல்லாம் நூல் நூலாகப் பஞ்சு மாட்டிக்கொள்ளும். இதை விட்டால் அது டப்பாவின் அடியையும் மூடியையும் சுரண்டி, அந்த இரும்புத்தூள் கிறீஸோடு கலந்து அரைக்கும். 400-ஆம் நம்பர் எமெரித் தாளை இரண்டாக மடித்து ஓரத்தைக் கவ்விப் பிடித்து, மூன்று மீட்டரையும் இரண்டு தடவை இழுத்தால் போதும். அரைமணி நேர வேலை.

பெரிய குறை உள்முனையில். நடு அச்சின் கொக்கி பிடிக்கிற துளை பேரிக்காய் வடிவில் இருக்கவேண்டும், இருக்கிறது. ஆனால் அதைப் பிரெஸ்ஸில் அடித்துத் துளைத்திருக்கிறார்கள். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் செருகும் லென்ஸை வைத்துப் பார்த்தால், துளையின் ஒடுங்கிய மூலையில் தலைமயிரைவிட மெல்லிய ஒரு கோடு. கீறல் அது. சாவி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் முழு இழுப்பும் வந்து விழுகிற இடம் அந்த மூலைதான். நாங்கள் வாங்கிய இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றில் கீறல் இருந்தது, மற்றதில் இல்லை. போதாததற்கு, உள்முனையை வளைக்கவேயில்லை. கடைசி அங்குலம் நேராக நிற்கிறது. அச்சைத் தழுவாத முனையைக் கொக்கி பிடிக்காது. சாவி கொடுத்தால் ‘கிளிக்’ என்று நழுவும். பலர் இதைக் கண்டுதான் “புது ஸ்பிரிங்கும் உடைசல்” என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். கீறல் இருந்தால் துளைவரைக்கும் வெட்டி எறியுங்கள். மூன்று சென்ரிமீட்டர் போனால் பாதகமில்லை. பிறகு முனையிலிருந்து 50 முதல் 60 மி.மீ. வரைக்கும் மட்டும் காஸ் டோர்ச்சால் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சி, அடுப்புச் சாம்பலுக்குள் செருகி ஆறவிடவேண்டும். தண்ணீரில் தோய்த்தால் கண்ணாடிபோல ஒடியும். அதற்கு அப்பால் சூடு ஓடக்கூடாது. ஆகவே 60 மி.மீ. தாண்டிய இடத்தை இரண்டு தடித்த இரும்புத் துண்டுக்கு நடுவில் வைஸில் கவ்வுங்கள், சூட்டை அவை குடித்துக்கொள்ளும். இளகிய பகுதி நீண்டுவிட்டால் உள்சுருள் பலமிழந்து அச்சைவிட்டு விலகும். ஆறிய முனையில் துளையிட்டு, ஊசி அரத்தால் பேரிக்காய் வடிவாக ராவி, மூலை எல்லாவற்றையும் உருட்டிவிடுங்கள். கூரிய மூலை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. அதன்பின் அச்சைவிடச் சற்றுச் சிறிய ஒரு கம்பியில் சுற்றி வளைத்தால், அச்சில் போடும்போது இறுகப் பிடிக்கும். துளையில் கொக்கி தானாக வந்து விழுகிற அந்தச் சத்தம் கேட்டால் வேலை சரி.

வெளிமுனைத் துளையில் குறை எதுவும் இல்லை. சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மட்டும் பழைய ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கமாக இருந்தால் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும், வேறு வாங்கத் தேவையில்லை.

மாட்டும்போது வெளித்துளையை டப்பாக் கொக்கியில் கொளுவி, சுவரோடு ஒட்டவைத்து, பெருவிரலால் அழுத்தி ஒவ்வொரு சுருளாக உள்ளே தள்ளவேண்டும். டப்பாவைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால் நல்லது. மாட்டுவதற்கு முன்னரே ஸ்பிரிங்கை மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவைத்துக் கிறீஸ் பூசியிருக்கவேண்டும். நுவரெலியா, லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்து ஈரத்தில் வெற்று உருக்கை ஓர் இரவு மேசையில் விட்டாலே கைரேகை துருவாக எழும்பும். துருப்புள்ளி விழுந்த இடத்தில்தான் பின்னால் ஸ்பிரிங் ஒடிகிறது. எங்கள் பையில் ஒன்றின் நாலாம் சுருளில் அப்படி மெல்லிய துருப்படலம் வந்தபோதே இருந்தது. மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் தேய்க்கப் போய்விட்டது, கீழே குழி இல்லை. குழி இருந்திருந்தால் அதைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான்.

கிறீஸைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லவேண்டும். செட்டில் வந்த டப்பிக் கிறீஸை முதலில் இரண்டு மோட்டரிலும் போட்டுச் சோதித்தோம். கண்டி 500 மீட்டர் உயரம். அங்கே அது ஒழுங்காகவே ஓடியது. நுவரெலியா 1,868 மீட்டர். தைப் பனிக்காலத்து விடியற்காலையில் அதே கிறீஸ் மெழுகாகி, இரண்டாம் பாட்டுக்குள் ‘டொக்’ சத்தம் வந்துவிட்டது. புது ஸ்பிரிங் போட்ட பெட்டி பழைய நோயோடு நின்றது. கழற்றிக் கழுவி, வேறு கலவை போட்டபின் சத்தம் இல்லை. கலவை இதுதான்: லித்தியம் கிறீஸ் 1-ஆம் நம்பர் கிடைத்தால் அதுவே, லொறிக்குப் போடுகிற 2-ஆம் நம்பர் மட்டும் ஹார்ட்வெயார் கடையில் இருந்தால் நாலு பங்கு கிறீஸுக்கு ஒரு பங்கு எஞ்சின் ஒயில் சேர்த்து இளக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு தேக்கரண்டி காரீயத்தூள் (ஈயம் அல்ல, பென்சிலுக்குள் இருக்கிற கிராபைட்). போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் உலகத்தரமான காரீயம் எடுக்கிற நாட்டில் இருந்துகொண்டு இதைத் தபாலில் வரவழைக்கத் தேவையே இல்லை. அளவு முக்கியம். 25 மி.மீ. ஸ்பிரிங்கின் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு மேசைக்கரண்டி. அது பத்தில் ஒரு மில்லிமீட்டர் படலமாகப் படியும். அதற்குமேல் போட்டால் மூடி வழியாகக் கசிந்து பல்சக்கரத்தில் தெறிக்கும்.

கவர்னர் ஸ்பிரிங் மூன்றையும் மைக்ரோமீட்டரில் வைத்தபோது இரண்டு 0.15, ஒன்று 0.18. பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் மும்மடிக் கணக்கில் அந்த மூன்றாவது மற்றவற்றைவிட 70 வீதத்துக்கு மேல் விறைப்பு. மூன்று குண்டும் ஒரே அளவாக வெளியே விரிந்தால்தான் கவர்னர் அதிராமல் சுழலும். ஒன்று மட்டும் பின்தங்கினால் தண்டு ஆடி, ‘குர்ர்’ என்று இரையும். நீட்டிப் பாடுகிற இடத்தில் குரல் நடுங்கும். ஆகவே மூன்றும் ஒரே தடிப்பாக வந்தால் மட்டும் போடுங்கள். பழையதில் ஒன்று மட்டும் உடைந்திருந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். கழற்றுமுன் எந்தக் குண்டு எந்த இடம் என்று கீறி அடையாளம் வையுங்கள். அதன் சின்ன ஸ்க்ரூக்கள் எச்.எம்.வி.-யில் பழைய பிரித்தானிய பி.ஏ. புரி, தொலைத்துவிட்டு மணிக்கூட்டு மெட்ரிக் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றினால் பித்தளைப் புரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். தோல் துண்டு நன்றாக இருக்கிறது. போட்டபின் இரண்டு துளி தையல் மெஷின் எண்ணெய் ஊற விடுங்கள். காய்ந்த தோல் கீச்சிடும்.

புதிய ஸ்பிரிங்குக்கு முதல் ஐந்தாறு தடவை பாதிச் சாவிதான் கொடுக்கவேண்டும். பிறகு ஒருமுறை மெதுவாக, எண்ணிக்கொண்டே முழுதும் கொடுத்து, கைபிடி இறுகத் தொடங்குகிற எண்ணைப் பெட்டி மூடியின் உள்ளே எழுதி ஒட்டுங்கள். எப்போதும் அதற்கு நாலு சுற்றுக் குறைவாக நிறுத்துவது நல்லது.

வேகத்தைக் காதால் வைக்காதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். 77 கோடு போட்ட காகித வட்டத்தைச் சுழல்தட்டில் வைத்தால் 77.92 வேகத்தில் கோடு அசையாமல் நிற்கும், அதுதான் 78. இணையத்தில் கிடைக்கிற வட்டங்கள் பல 60 ஹேர்ட்ஸுக்குப் போட்ட 92 கோட்டு வட்டங்கள், அவை இங்கே உதவாது. நல்ல எல்.ஈ.டி. பல்ப் மினுங்காது, ஆகவே பழைய குண்டு பல்ப் வேண்டும். அதுவும் இல்லையென்றால் சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, இசைத்தட்டும் ஊசியும் மேலே ஓடும்போதே, அரை நிமிடத்தில் 39 சுற்று வருகிறதா என்று எண்ணுங்கள்.

முனை திருத்தி, கிறீஸ் மாற்றி, கவர்னரில் பழைய ஸ்பிரிங்கையே விட்டு ஓட்டியதில், நுவரெலியாப் பெட்டி ஒரு சாவியில் 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தை அசையாத 78-ல் முடித்து, மறுபக்கத்தின் கடைசி அடிகளில்தான் தளரத் தொடங்கியது. 12 அங்குலத்தின் ஒரு பக்கமும் முழுதாக ஓடியது. இவ்வளவு கொடுக்கிற ஸ்பிரிங்கை, இரண்டு மணி நேரக் கைவேலைக்கு மனமிருந்தால், தயங்காமல் வாங்கலாம். அரமும் டோர்ச்சும் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் கூடுதல் காசு கொடுத்து முனை வளைத்து வருகிற ஸ்பிரிங்கை வாங்குவதே நல்லது, அல்லது ஹட்டன், கண்டிப் பக்கத்து லேத் பட்டறையில் முனை வேலையை மட்டும் செய்வித்துக்கொள்ளலாம். பழைய ஸ்பிரிங்கின் உள்முனையை மாதிரிக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

பயணிகளுக்கென்று புதிதாகச் செய்து விற்கிற பித்தளைக் குழல் பெட்டி வைத்திருப்பவர்கள் பலர் இதே செட்டைத் தேடுகிறார்கள். அவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் பழைய போர்ட்டபிள்களிலிருந்து பிடுங்கிய மோட்டர்தான். மேலே ஒட்டியிருக்கிற பெயருக்கும் உள்ளே இருக்கிற டப்பாவுக்கும் சம்பந்தமில்லை. திறந்து, டப்பாவின் உள்விட்டம், உயரம், கொக்கியின் வடிவம் மூன்றையும் அளந்த பிறகே பணம் அனுப்புங்கள். விற்பவரிடம் உள்முனைத் துளையைக் கிட்ட வைத்து எடுத்த படம் ஒன்றும், கவர்னர் ஸ்பிரிங் மூன்றின் தடிப்பும் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது இரண்டாம் பைக்குப் படம் அனுப்பினார்கள். கீறல் இல்லாத ஸ்பிரிங் வந்தது அந்தப் பையில்தான்.